குடவோலை தெரியும், ஏரி வாரியம் தெரியுமா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலம் காபியோட வாங்க. பாதி படிச்சுட்டு பின்னூட்டத்துல சண்டைக்கு வர்றவங்க, நாலாவது பாயிண்டையாவது படிச்சுட்டு வாங்க :-)

வருஷத்துக்கு நாலு தடவையாவது அந்த ஃபார்வர்டு வந்துடுது. "உலகுக்கே ஜனநாயகம் சொல்லிக் கொடுத்தவன் தமிழன்"னு ஆரம்பிக்கும். நடுவுல உத்திரமேரூர் கல்வெட்டோட மங்கலான போட்டோ ஒண்ணு. கடைசியில "உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்"னு ஒரு மிரட்டல். இதுக்கு ஒட்டிப் பிறந்த தம்பி மாதிரி இன்னொரு வகையறாவும் உண்டு: "உத்திரமேரூரில் தவறாமல் பார்க்க வேண்டிய ஐந்து இடங்கள்". அஞ்சும் கோயில். அஞ்சு போட்டோ, கோபுரத்துக்கு முன்னாடி ஒரு செல்ஃபி, கடைசியில நல்ல டிபன் எங்க கிடைக்கும்னு ஒரு வரி. முடிஞ்சது பாரம்பரியம்.

கோயில் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல மக்களே. அந்த ஊர்ல எல்லாக் கோயிலையும் சேத்து வச்சாலும் அதைவிடப் பெருசா ஒண்ணு கிடக்கு. அது லிஸ்ட்லயே வரமாட்டேங்குது. அதான் கோவம். அந்த ஒண்ணு, ஏரி. அந்த ஏரி இல்லேன்னா ஊரே இல்ல. ஊர் இல்லேன்னா சபை இல்ல. சபை இல்லேன்னா நீங்க போட்டோ புடிக்கிற கல்வெட்டும் இல்ல. கல்வெட்டைப் பாத்துட்டு ஏரியைப் பாக்காம பஸ் ஏறுறது, கல்யாண வீட்டுக்குப் போயி பந்தலைப் பாத்துட்டு பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்காம வர்ற மாதிரி.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. உத்திரமேரூர் காஞ்சிபுரம் மாவட்டத்துல ஒரு பேரூராட்சி. சுத்தி நெல் வயல். எட்டாம் நூற்றாண்டுல, நந்திவர்ம பல்லவன் காலத்துல பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர். பழைய பேரு உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலம். பல்லவர், சோழர்னு பல காலத்துக் கல்வெட்டுகள் அங்க இருக்கு. அதுல வர்ற ஏரியோட பேரு வயிரமேக தடாகம். பேரைக் கேட்டாலே மழை வர்ற மாதிரி இல்ல?

சரி, ஒண்ணொண்ணா வருவோம்.

1) "உலகின் முதல்" - போதும், விட்டுடுங்க

வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்ல இருக்கிற அந்த ரெண்டு கல்வெட்டும் முதலாம் பராந்தக சோழன் காலத்தது. ஒண்ணு 919, இன்னொண்ணு 921. கி.மு. அஞ்சாம் நூற்றாண்டுலயே ஏதென்ஸ்காரன் சீட்டுப் போட்டு ஆள் எடுத்திருக்கான். கிட்டத்தட்ட 1300 வருஷம் முன்னாடி.

"அவன் கதையை விடுங்க பாஸ், நம்ம நாட்டுல?"னு கேப்பீங்க. நம்ம நாட்டுலயும் இது முதல் இல்ல. திருநெல்வேலிப் பக்கம் மானூர்ல பாண்டியர் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. சுமார் 800ஆம் வருஷம். சபையில உக்கார யாருக்குத் தகுதின்னு அதுலயே எழுதி வச்சுட்டாங்க. அதுக்கும் முன்னாடி, அகநானூறு 77ஆம் பாட்டுல குடத்துலேர்ந்து ஓலை எடுக்கிறது ஒரு உவமையா வருது. உவமையா ஒண்ணு வருதுன்னா அது கேக்குறவங்களுக்கு ஏற்கெனவே பழகின விஷயம்னுதானே அர்த்தம்?

ஆக, "முதல்"னு சொல்றது பொய் மட்டும் இல்ல, நம்ம சொந்தச் சரக்கையே நாம குறைச்சு மதிப்பிடுறது. உத்திரமேரூருக்கு பெருமை சேர முதல் ரேங்க் வாங்கியிருக்கணும்னு அவசியம் இல்ல. எல்லாத்தையும் ரேங்க் ஷீட்டாப் பாக்குற வியாதி நமக்கு இஞ்சினியரிங் கவுன்சிலிங்லேர்ந்தே ஒட்டிக்கிச்சு.

2) குடத்துக்குள்ள யார் பேரு இருந்துச்சு?

இது தேர்தலே கிடையாது, குலுக்கல். யாரும் யாருக்கும் ஓட்டு போடல. ஊர் முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஒவ்வொரு குடும்புலயும் தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதிக் கட்டி, குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொன்னாங்க.

தகுதி என்னன்னு பாருங்க. வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல இருக்கணும். ஒரு வேலி சுமாரா ஆறரை ஏக்கர்னா கால் வேலி ஒன்றரை ஏக்கர் சொச்சம். சொந்த மனையில வீடு கட்டி குடியிருக்கணும். வயசு 35க்கு மேல, 70க்குள்ள. மந்திர பிராமணம் தெரிஞ்சிருக்கணும், அதை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவுக்கு. நிலம் அரைக்கால் வேலிதானா? பரவால்ல, ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் படிச்சு விளக்கத் தெரிஞ்சா சேத்துக்கலாம். அவ்ளோதான் சலுகை.

இப்ப கணக்கு போடுங்க. பொண்ணுங்க பேரு குடத்துல இல்ல. வேதம் படிக்க விடாத சாதிக்காரங்க பேரு இல்ல. அடுத்தவன் நிலத்துல கூலிக்கு நாத்து நட்டவங்க பேரு இல்ல. அந்த ஏரிக்கரையில கூடை கூடையா மண் சுமந்திருக்கக்கூடிய எந்த ஜனத்தோட பேரும் அந்த ஓலையில வந்திருக்க வாய்ப்பில்ல. அந்த ஃபார்வர்டை அனுப்புற நம்மள்ல பாதிப் பேரோட தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு அந்த மண்டபத்து வாசல்படி வரைக்கும்தான் அனுமதி இருந்திருக்கும். என் வம்சத்துக்கும் அதே கதிதான். இதையும் சேத்துச் சொல்லாம வெறும் "ஜனநாயகம்"னு சொன்னா, அது பாதி ரெஸ்யூமே மாதிரி. அரியர்ஸை மறைச்சு பர்சன்டேஜ் மட்டும் போடுறது.

இன்னொண்ணு. ரெண்டு கல்வெட்டுலயும் ராஜாவோட அதிகாரி ஒருத்தர் கூட இருந்து, ஆணைப்படி இந்த ஏற்பாடு நடந்துச்சுன்னுதான் இருக்கு. மேலிடத்துப் பார்வையாளர் அன்னிக்கும் உண்டு :-)

3) அப்ப ஒண்ணுமே பெருமை இல்லையா?

இருக்கு. அதுவும் ஃபார்வர்டு சொல்லாத இடத்துல இருக்கு.

919ல ஒரு விதி போட்டாங்க. ரெண்டே வருஷத்துல, 921ல அதைத் திருத்தி இன்னும் விரிவா இன்னொண்ணு. சாஃப்ட்வேர்காரன் கண்ணுக்கு இது வெர்ஷன் ஒண்ணு, வெர்ஷன் ரெண்டு. முதல்ல வயசு 30லேர்ந்து 60. ரெண்டாவதுல 35லேர்ந்து 70. நடுவுல என்ன தகராறு நடந்திருக்கும்னு நாம ஊகிக்கத்தான் முடியும். ஆனா கெட்டவங்க ஒழிஞ்சு நல்லவங்க தழைக்கணும்னுதான் இந்த ஏற்பாடுன்னு அவங்களே கல்லுல எழுதியிருக்காங்க. சும்மா இருக்கிற ஊர்ல யாரும் இப்படி எழுதமாட்டாங்க. எங்கியோ எவனோ நல்லா சாப்பிட்டிருக்கான். அதுக்குப் போட்ட பேட்ச் இது.

விதியைப் பாருங்க. பதவி 360 நாள். அதோட இறங்கணும். கடந்த மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவன் பேரு குடத்துல வராது. பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் பேரு வராது. அவன் பேரு மட்டுமா? சித்தி பெரியம்மா பிள்ளைங்க, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, கூடப் பொறந்தவன், மாமனார், மச்சான், அக்கா தங்கச்சி புருஷன், மருமகன், அப்பன், மகன்னு ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்கு லிஸ்ட் போட்டு, இத்தனை பேருக்கும் கிடையாதுன்னு அடிச்சிருக்காங்க. தம்பி பேர்ல, மச்சான் பேர்ல டெண்டர் எடுக்கிற வித்தை அன்னிக்கே தெரிஞ்சிருந்ததாலதானே இவ்ளோ விவரமா எழுதினாங்க?

குலுக்குற முறையும் அப்படித்தான். சின்னவங்க பெரியவங்கன்னு மொத்த சபையும் கூடணும். ஊர்ல இருக்கிற கோயில் நம்பிமார் ஒருத்தர் விடாம வந்து உக்காரணும். அதுல வயசுல மூத்தவர் குடத்தை எல்லாருக்கும் தெரியிற மாதிரி தூக்கிக் காட்டணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத பையன் ஒரு கட்டை எடுக்கணும். அதைப் பிரிச்சு வேற குடத்துல போட்டுக் குலுக்கி, ஒரு ஓலை. அந்த ஓலையை மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன் அஞ்சு விரல்? கைக்குள்ள வேற ஓலை ஒளிச்சு வச்சிருக்கக் கூடாதுல்ல. இதை எழுதினவன் மனுஷனை நம்பல, முறையை நம்பினான். எங்க ஆபீஸ்ல செக்யூரிட்டி ஆடிட்டுக்கு வர்றவங்க இந்தக் கல்வெட்டை ஒரு தடவை படிச்சா நல்லது.

4) இதெல்லாம் எதுக்கு?

இதான் பதிவோட மையம். இவ்ளோ கண்டிஷன் போட்டு ஆள் எடுத்தது எதுக்கு? சட்டம் இயற்றவா? படை நடத்தவா? வேலை பாக்க. முப்பது பேர்ல 12 பேர் சம்வத்சர வாரியம், ஊர்ப் பொது நிர்வாகம். 12 பேர் தோட்ட வாரியம். மிச்சம் 6 பேர் ஏரி வாரியம். பொன் வாரியம், பஞ்சவார வாரியம்னு தனியா வேற. சம்வத்சர வாரியத்துக்கு எடுக்கும்போது, முன்னாடி தோட்ட வாரியத்துலயும் ஏரி வாரியத்துலயும் வேலை பாத்தவங்க, படிப்புலயும் வயசுலயும் மூத்தவங்கன்னு பாத்து எடுக்கணும். அதாவது ஏரிக்கரையில நின்னு பாத்தவன்தான் ஊரை ஆள மேல வரலாம்.

அந்த வட்டாரத்துல ஏரின்னா என்னன்னு புரிஞ்சாத்தான் இதோட அர்த்தம் புரியும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம்னே பேரு. வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் கொட்டும், அப்புறம் வானம் கையை விரிச்சுடும். கொட்டுறதைப் புடிச்சு வச்சாத்தான் சோறு. லேசான சரிவுல பிறை மாதிரி ஒரு மண்கரை போட்டு, மேல வர்ற தண்ணியைத் தேக்கி, மதகு வழியா கீழ வயலுக்கு விட்டு, மிச்சம் கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும். உத்திரமேரூர் ஏரிக்கு செய்யாத்துலேர்ந்து கால்வாய் வழியாவும் தண்ணி வருது.

இது ஒரு தடவை கட்டி முடிச்சுட்டுப் போற சமாச்சாரம் இல்ல. ஒவ்வொரு மழைக்கும் தண்ணியோட வண்டல் வரும். வாரலேன்னா தரை ஏறும், கொள்ளளவு இறங்கும். கரையில எலி வளை போட்டா, மரத்து வேர் இறங்கினா, ஒரு ராத்திரி மழை போதும் உடைய. வரத்துக் கால்வாய்ல ஒருத்தன் ஒரு மேடு போட்டா ஏரி நிறையாது. கோயிலை நூறு வருஷம் பூட்டி வச்சாலும் கல்லு நிக்கும். ஏரியை பத்து வருஷம் கவனிக்கலேன்னா அது வெறும் மைதானம், அப்புறம் பிளாட். எங்க தொழில் பாஷையில சொன்னா, கோயில் ஒரு டெலிவரி, ஏரி தினசரி மெயின்டனன்ஸ். மெயின்டனன்ஸ் பண்றவன் பேரு எந்த பாராட்டு மெயில்லயும் வராதுங்கிறது நம்ம எல்லாருக்கும் தெரியும்.

அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது தெரிஞ்சிருக்கு. பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள்ல ஏரி தூர் வாரறதுக்குன்னே நிலமும் பொன்னும் நெல்லும் எழுதி வச்ச செய்திகள் வருது. ஓடத்துல போயி மண்ணை அள்ளிட்டு வந்து கரையில கொட்டணும்னு ஏற்பாடு பண்ணியிருக்காங்க. சாமிக்கு விளக்கு எரிக்க எழுதி வச்சதைச் சொல்ற அதே கல்வெட்டுகள்தான் இதையும் சொல்லுது. ரெண்டும் அவங்களுக்குத் தர்மம். நாம விளக்கை மட்டும் புடிச்சுக்கிட்டோம்.

எங்க தாத்தா நிலம் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சின்ன ஏரிக்குக் கீழ. நீர்க்கட்டின்னு ஒரு பெரியவர் இருந்தார். எந்த வயலுக்கு எப்ப மடை திறக்கணும், யாரு ராத்திரியில வந்து கள்ளத்தனமா வரப்பை வெட்டுவாங்கங்கிறதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுவடையில களத்து நெல்லுதான் அவர் கூலி. அவருக்கு ஊர்க்கூட்டத்துல உக்கார இடம் கிடையாது, தள்ளி நிப்பார். ஆனா அவர் இல்லாம ஒரு ஏக்கர் நனையாது. போர்வெல் வந்தப்புறம் அவரை யாரும் கூப்பிடல. அவர் மகனும் அந்த வேலைக்கு வரல, ஏன் வரணும்? ஆயிரம் வருஷமா ஏரியைக் காப்பாத்தினது கல்லுல பேரு வந்தவங்களும், வராத இவர் மாதிரி ஆளுங்களும் சேர்ந்துதான். நம்ம பாரம்பரியப் பட்டியல்ல ரெண்டாவது கட்சிக்கு ஒரு வரிகூட கிடையாது.

5) இன்னிக்கு அந்த ஏரி யார் கையில?

1992ல 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்துச்சு. கிராமத்துக்கு ஒண்ணு, நகரத்துக்கும் பேரூருக்கும் ஒண்ணு. பஞ்சாயத்துக்குக் கொடுக்கலாம்னு சொன்ன வேலைகள்ல சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் உண்டு. கொடுக்கலாம், அவ்ளோதான். தமிழ்நாட்டுல 40 ஹெக்டேருக்கு மேல, அதாவது நூறு ஏக்கருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா ஏரி அரசுத் துறைக்கு. ரொம்ப காலம் பொதுப்பணித் துறை, 2021லேர்ந்து நீர்வளத் துறை. அதுக்குக் கீழ இருக்கிற குட்டி ஏரிங்க ஊராட்சி ஒன்றியத்துக்கு. உத்திரமேரூர் ஏரி பெரிய ஏரி. ஆக, ஏரி வாரியத்தைக் கல்லுல வெட்டின ஊரோட கவுன்சிலுக்கு, அந்த ஏரியோட மதகைத் திறக்கிற அதிகாரம் கிடையாது.

"விவசாயிகள் சங்கம் இருக்கே, 2000ல சட்டமே போட்டாங்களே, 2017ல குடிமராமத்துன்னு திட்டம் வந்துச்சே"ன்னு சொல்வீங்க. வந்துச்சு. ஆனா குடிமராமத்துங்கிற வார்த்தைக்குள்ளயே குடி இருக்கு. குடிகள் கூடி முடிவெடுத்துப் பண்றது. திட்டம், மதிப்பீடு, பணம், கையெழுத்து எல்லாம் மேலேர்ந்து வந்து, ஊருக்கு ஒரு பலகை மட்டும் மிஞ்சினா அதுக்கு வேற பேரு வைங்க. வெள்ளைக்காரன் 1858ல ஏரிக்கரை உடையுற நேரத்துல ஊர் ஜனத்தைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க ஒரு சட்டம் போட்டான். முடிவு அவனுது, மண்வெட்டி நம்மளுது. அதுலேர்ந்து நாம எவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு யோசிச்சுப் பாருங்க.

இதை விடப் பெரிய கூத்து ஒண்ணு. 2020 டிசம்பர் 10ஆம் தேதி, டெல்லியில புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினப்போ பிரதமர் உத்திரமேரூர் கல்வெட்டைப் பத்திப் பேசினார். இங்க எல்லாரும் புல்லரிச்சுப் போனோம். அன்னிக்குத் தேதியில உத்திரமேரூர் பேரூராட்சியில தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு உறுப்பினர்கூட கிடையாது! தமிழ்நாட்டுல 2016 அக்டோபர்ல உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19. அஞ்சு வருஷத்துக்கு மேல தனி அலுவலர் ஆட்சி. சுவத்துல இருக்கிற 360 நாள் கணக்குப்படி இந்த இடைவெளியில அஞ்சு தடவை குடம் குலுக்கியிருக்கணும். டெல்லியில பாராட்டு, ஊர்ல பூட்டு. தேர்தல் நடத்தாத ஆளுங்கட்சியைக் கேக்கலாம், கோர்ட்டுக்குப் போன எதிர்க்கட்சியைக் கேக்கலாம். ஆனா நம்மள யாரு கேக்கறது? அந்த அஞ்சு வருஷமும் ஃபார்வர்டு மட்டும் நிக்காம ஓடிச்சே.

6) கல்லுக்கு 100 மீட்டர், தண்ணிக்கு?

வைகுண்டப் பெருமாள் கோயில் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்புல இருக்கு. 2010ல திருத்தின சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது. அதுக்கு அடுத்த 200 மீட்டர்ல அனுமதி வாங்கணும். நல்ல சட்டம். நான் எதிர்க்கல.

ஏரிக்கும் சட்டம் இருக்கு. 2007ல தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்துச்சு. அது எல்லையை அளக்கச் சொல்லுது, ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லுது. அதாவது ஏரியை ஒரு சர்வே நம்பராப் பாக்குது. பாரம்பரியமாப் பாக்கல. கல்வெட்டு இருக்கிற சுவர் நினைவுச் சின்னம். அந்தக் கல்வெட்டு எதைக் காப்பாத்தச் சொல்லி எழுதினாங்களோ அது வெறும் நீர்ப்பிடிப்புப் புறம்போக்கு. சாசனத்தைச் சட்டம் போட்டு பத்திரப்படுத்திட்டு, சாசனத்துல எழுதின சொத்தை ரோட்டுல விடுற மாதிரி இருக்கு.

தமிழ்நாட்டுல 39,000க்கு மேல ஏரி இருக்குன்னு அரசுக் கணக்கு. 2015 வெள்ளத்துல சென்னையும் காஞ்சிபுரமும் மிதந்துச்சு. நாலே வருஷத்துல, 2019ல சென்னையில குடத்தோட லாரிக்குப் பின்னாடி ஓடினோம். நம்ம காலத்துக் குடவோலை அது. வெள்ளமும் பஞ்சமும் ஒரே வியாதியோட ரெண்டு அறிகுறி. வைத்தியம் என்னன்னு பக்கத்து மாவட்டத்துச் சுவத்துல ஆயிரம் வருஷமா எழுதியிருக்கு. நாம அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்தோம்.

7) பின்னூட்டத்துல வரப்போற கேள்விகளுக்கு இப்பவே பதில்

"தமிழன் பெருமையை மட்டம் தட்டற. எங்க காசு வாங்கின?" - எல்லாம் மாசக் கடைசியில கம்பெனி போடற காசுதான் சாமி. இல்லாத பெருமையை எடுத்துட்டு இருக்கிற பெருமையைக் கையில கொடுத்தா அது மட்டம் தட்டுறதா?

"அது பார்ப்பன சபை. அதுல கத்துக்க என்ன இருக்கு?" - யாரு உக்காந்தாங்கங்கிறது தப்பு, மேலயே சொல்லிட்டேன். கணக்குக் காட்டாதவன் மச்சானுக்கும் பதவி கிடையாதுங்கிற விதி தப்பா? விதியை எடுத்துக்கிட்டு குடத்தைப் பெருசாக்குவோம். எல்லாப் பேரும் உள்ள வரட்டும்.

"ஏதென்ஸ்லயும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இல்லையே?" - இல்லதான். அதை அவங்க வரலாற்றுப் புஸ்தகத்துலயே எழுதி, பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்குறாங்க. நாமளும் அதைத்தான் செய்யணும்.

"டூர் போறவன் ஏரியைப் பாத்து என்ன பண்ணப் போறான்?" - நல்ல கேள்வி. உத்திரமேரூர்லேர்ந்து கொஞ்ச தூரத்துல மதுராந்தகம் இருக்கு. அங்க பெருமாளுக்கே பேரு ஏரி காத்த ராமர். பதினெட்டாம் நூற்றாண்டுக் கடைசியில செங்கல்பட்டு கலெக்டரா இருந்த லயனல் பிளேஸ் காலத்துல, உடையப் போன கரையை ராமரும் லட்சுமணரும் காவல் காத்தாங்கன்னு ஊர்க்கதை. கதையை நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம். ஆனா அங்க வர்ற சின்னப் பையன்கூட "ஏரி எங்கப்பா?"ன்னு கேப்பான். கோயிலுக்குள்ள போனாலே ஏரி ஞாபகம் வரும். உத்திரமேரூர்ல அந்த நூலு அறுந்துடுச்சு. அதை முடிச்சுப் போடறது, பயணப் பதிவு எழுதற நம்ம கையிலயும் கொஞ்சம் இருக்கு.

அதனால சக பதிவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உத்திரமேரூர் போனா இந்த வரிசையில போங்க. டிசம்பர் கடைசி, ஜனவரின்னா நல்லது, மழை முடிஞ்சு ஏரியில தண்ணி இருக்கும். மொதல்ல ஏரிக்கரை. யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க. கரை மேல கொஞ்ச தூரம் நடங்க. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் பள்ளத்துல பச்சை. மதகைப் பாருங்க, கலங்கலைப் பாருங்க, வரத்துக் கால்வாய் எப்படி இருக்குன்னு பாருங்க. வயல்ல யாராவது இருந்தா, "தண்ணி எப்ப விடுவாங்க, யாரு முடிவு பண்றாங்க?"ன்னு கேளுங்க. அவங்க சொல்ற பதிலை எழுதுங்க.

அப்புறம் வைகுண்டப் பெருமாள் கோயில். எழுத்தைப் படிக்க முடியாது, பரவால்ல. ஆறு பேர் ஏரி வாரியத்துக்குன்னு இந்தச் சுவர்ல எங்கியோ இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பாருங்க, கல்லு வேற மாதிரி தெரியும். சுந்தரவரதர் கோயிலைத் தவற விடாதீங்க. மூணு அடுக்கு, கீழ நின்ன கோலம், நடுவுல இருந்த கோலம், மேல கிடந்த கோலம். கைலாசநாதர் கோயிலையும் பாருங்க. இவ்ளோ கோயில் கட்டி அதுக்கு விளக்கும் ஏத்த அந்த ஊருக்கு நெல்லு எங்கேர்ந்து வந்துச்சுன்னு உங்களுக்கு அப்ப தன்னால புரியும். கரை மேல நின்னு பாத்துட்டுத்தானே வந்திருப்பீங்க.

பதிவு போடும்போது "பார்க்க வேண்டிய இடங்கள்" லிஸ்ட்ல நம்பர் ஒண்ணா வயிரமேக தடாகம்னு போடுங்க. நூறு பேரு அப்படி எழுதினா, ஏரியில ஒரு லாரி மண்ணு விழும்போது "ஐயோ, அது பழைய ஏரியாச்சே"ன்னு சொல்ல நாலு பேராவது இருப்பாங்க. இப்ப கோயில் சுவத்துல எவனாவது ஆணி அடிச்சா சொல்றாங்கல்ல, அந்த மாதிரி.

பி.கு 1: உங்க ஊர் ஏரியோட பழைய பேரு தெரிஞ்சா பின்னூட்டத்துல போடுங்க. அது எந்தத் துறை கையில இருக்குங்கிறதையும் விசாரிச்சுப் போடுங்க. தனிப் பதிவாவே தொகுத்துடலாம்.

பி.கு 2: அந்த ஃபார்வர்டு மறுபடி வந்தா, சண்டை போட வேண்டாம். "ஏரி வாரியத்துல எத்தனை பேரு?"ன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. என்ன பதில் வந்துச்சுன்னு எனக்கும் சொல்லுங்க :-))